பாலைநில நகரமும் வெப்பத்தின் பங்கீடும்: கனபானி, முனீப் நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

1

பாலைநிலத்தைக் களமாகக் கொண்ட நாவல்களை ஆராயும் விமர்சகர் பலர், அவற்றில் வரும் வெப்பத்தை இயற்கை வருணனையின்பாற்படுத்தி, ஓரிரு வாக்கியங்களிற் பாராட்டிவிட்டு அப்பாற் செல்வர். வெயிலும் மணலும் அங்கு என்றும் உள்ளவை. ஆதலின் அவை வரலாற்றுக்குப் புறம்பானவை என்பது இந்நோக்கின் அடிப்படையாகும். மனிதர் வரலாற்றைச் சேர்ந்தவர், வெப்பம் நிலத்தைச் சேர்ந்தது என்னும் இப்பிரிவினை வசதியானது, ஆனால் பிழையானது.

கடந்த எழுபது ஆண்டுகளில் அரேபியக் குடாவின் கரையிலும் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியிலும் எழுந்த பெருநகரங்கள் இப்பிரிவினையைப் பொய்ப்பித்துள்ளன. 1950 இல் ஏறத்தாழ 107,000 மக்களைக் கொண்டிருந்த பீனிக்ஸ் நகரம் 2020 இல் 16 இலட்சம் மக்களைக் கொண்டதாயிற்று. 1968 இல் 60,000 பேரைக்கூடக் கொண்டிராத துபாயில் இன்று 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். இத்தொகையினருக்குரிய வீடும் வீதியும் துறைமுகமும் விமான நிலையமும் வந்து படிந்த பின்னர் நிலத்தின் மேற்பரப்புப் பழைய மேற்பரப்பாக இருத்தல் இயலாது. அதன் வெப்பமும் பழைய வெப்பமாக இருத்தல் இயலாது. மனித உழைப்பு கட்டிய பரப்பிலிருந்து எழும் வெப்பம், கூலி, வாடகை என்பன போன்று சமூக உறவுகளுக்குட்பட்ட ஒன்றாகின்றது.

இக்கருத்து தமிழ் வாசகருக்கு முற்றிலும் புதியதன்று. பாலைக்கெனத் தனிநிலம் வகுக்காது, பிற நிலங்கள் தம் இயல்பு திரிந்து அடையும் நிலையாக அதனைக் கண்ட மரபு நம்முடையது. பாலை என்பது இருப்பதன்று, ஆவது என்ற அந்த நோக்கினைச் சமூக வரலாற்று அடிப்படையில் விளக்கிய பணி, திணைக்கோட்பாட்டை ஆராய்ந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி முதலியோருக்கு உரியது. அதே வினாவை நம் காலத்துப் பாலைநில நகரத்தை நோக்கி எழுப்பின், நிலத்தின் வெப்பம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது, ஆக்கப்பட்டபின் எவரிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றது என இரு வினாக்கள் பிறக்கின்றன. முதலாவதற்கு அறிவியல் விடை தந்துள்ளது. இரண்டாவதற்கு அறிவியல் தரும் விடை குறையுடையது; அதனை நிரப்பத்தக்க அறிவு சில நாவல்களில் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். கஸ்ஸான் கனபானியின் ‘சூரியனில் மனிதர்’ (1963), அப்துர் ரஹ்மான் முனீப்பின் ‘உப்பு நகரங்கள்’ (1984–1989) ஆகிய அரபு நாவல்கள் இங்கு நோக்கப்படுகின்றன.

2

முதலில் அறிவியல் கூறுவதைச் சுருக்கமாக வகுத்துக்கொள்ளல் வேண்டும். நகரம் அயற்புறத்தினும் வெப்பமானது என்னும் செய்தி பழையது. 1818, 1820 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த இலண்டன் காலநிலை பற்றிய நூலில் லூக் ஹவார்ட், நகருக்கும் நாட்டுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை அளந்து, அவ்வேறுபாடு இரவிலேயே மிகுதி என்பதையும் கண்டார். பின்னாளில் ‘நகர வெப்பத்தீவு’ எனப் பெயர்பெற்ற இத்தோற்றப்பாடு, ஈரப்பதனும் மரஞ்செடியும் மிக்க ஐரோப்பிய நிலத்தை அடிப்படையாகக் கொண்டே விளக்கப்பட்டு வந்தது. வயலும் காடும் இருந்த இடத்தில் கல்லும் தாரும் வந்தமையால் வெப்பம் கூடியது என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

பாலைநிலத்தில் இவ்விளக்கம் அப்படியே பொருந்துவதில்லை. அங்கு நகரம் அகற்றுவது காட்டையன்று, வெறும் மணலையும் கல்லையுமாம். செய்மதிகள் நிலத்திலிருந்து வெளிவரும் கதிர்வீசலைக் கொண்டு மேற்பரப்பின் வெப்பநிலையைக் கணிக்கத் தொடங்கிய பின்னர் இவ்வேறுபாடு தெளிவாயிற்று. 2010 இல் அமெரிக்க நகரங்களைப் பற்றியும் 2013 இல் அபுதாபியைப் பற்றியும் வெளிவந்த ஆய்வுகள் ஒரே திசையைச் சுட்டின: பாலைநில நகரத்தின் மையம் பகற்பொழுதிற் சுற்றியுள்ள பாலையினும் வெப்பங் குறைந்ததாக இருக்கக்கூடும், இரவிலோ அதே நகரம் பாலையினும் வெப்பம் மிக்கதாகும்.

இதன் காரணங்கள் எளியவை. உலர்ந்த மணலில் ஆவியாதற்கு நீரில்லை. ஆகவே பெற்ற வெப்பம் முழுவதும் மேற்பரப்பைச் சூடாக்குகின்றது. சூரியன் மறைந்ததும், முகிலற்ற வானத்தை நோக்கி அவ்வெப்பத்தை மணல் விரைந்து இழந்துவிடுகின்றது. நகரத்திலோ நீர் பாய்ச்சப்பட்ட புற்றரையும் பேரீச்சை வரிசையும் ஆவியாதலாற் பகலைத் தணிக்கின்றன. உயர்ந்த கட்டடங்கள் நிழல் தருகின்றன. கொங்கிறீட்டு மணலினும் மெதுவாகவே சூடேறுகின்றது. ஆனால் அதே கொங்கிறீட்டும் தாரும் பகலில் உள்வாங்கியதை இரவு முழுவதும் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. நெருங்கிய சுவர்களுக்கிடையில் வானம் குறைவாகவே தெரிவதால் வெப்பம் தப்பிச் செல்லும் வழியும் குறைகின்றது. சுருங்கக் கூறின், பாலைநில நகரத்தின் பகல் பெரும்பாலும் பாலைக்குரியது; அதன் இரவே நகரம் ஆக்கியது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மேற்பரப்பின் வெப்பநிலையும், நாம் சுவாசிக்கும் வளியின் வெப்பநிலையும் ஒன்றல்ல. நண்பகலில் தார்வீதியின் பரப்பு வளியைக் காட்டிலும் இருபது பாகைக்கு மேற்பட வெப்பமுறுவது வழக்கம். 2023 கோடையில் பீனிக்ஸ் நகரில் வீதியில் விழுந்தவர்கள் தார்ப்பரப்பினால் ஏற்பட்ட தீப்புண்களுக்குச் சிகிச்சை பெற்றமை பதிவாகியுள்ளது. வானிலை அறிக்கை தரும் எண், நிழலில் வைத்த வெப்பமானியின் எண். வீதியில் நிற்பவரின் பாதம் அறிவது வேறோர் எண்.

3

மேற்கூறிய கண்டுபிடிப்பை நகர நிருவாகிகளும் நிலவணிகரும் தமக்குச் சாதகமாகப் படிக்கலாம். நகரமயமாதல் பாலையைக் குளிர்வித்துள்ளது, பசுமையாக்கம் வெற்றி பெற்றுள்ளது என அவர்கள் கூறுவாராயின், பகற்பொழுதின் சராசரி எண் அவர்களுக்குத் துணை நிற்கும். இங்கேதான் விமர்சகன் குறுக்கிட வேண்டியுள்ளது. சராசரி என்பது ஒரு கருத்துநிலை வடிவமாகவும் தொழிற்படக்கூடியது.

ஆய்வுக்கட்டுரைகளின் மொழியை நோக்குக. ‘நகரமயமாதல் வெப்பநிலையைக் கூட்டிற்று’, ‘நிலப்பயன்பாட்டு மாற்றம் வெப்பத்தைக் குறைத்தது’ என்னும் வாக்கியங்களில் எழுவாய் ஒரு தொழிற்பெயராகும். நிலத்தை வாங்கியவர், திட்டம் வரைந்தவர், கட்டியவர், குடியிருப்பவர், வெளியேற்றப்பட்டவர் ஆகிய எவரும் வாக்கியத்தில் இல்லை. செய்மதிப் படத்தின் ஒரு சதுரம் ஒரு கிலோமீற்றர் அகலமுடையதாயின், ஒரு செல்வரின் தோட்டமும் அதனைப் பேணுவோரின் தகரக் கூரையும் ஒரே எண்ணாகிவிடலாம். இது ஆய்வாளரின் தீயநோக்கத்தின் விளைவன்று, கருவியின் எல்லையாகும். ஆனால் கருவியின் எல்லையை உலகின் எல்லையாகக் கொள்ளலாகாது.

இவ்வெல்லையைத் தாண்ட முயன்ற ஆய்வுகளும் உள. 2006 இல் பீனிக்ஸ் நகரின் எட்டுக் குடியிருப்புகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, வருமானங் குறைந்தோரும் சிறுபான்மையினரும் மரஞ்செடி குறைந்த, வெப்பம் மிகுந்த குடியிருப்புகளில் வாழ்வதைக் காட்டியது. ஒரே நகரம், ஒரே சூரியன். ஆயினும் தண்ணீருக்கும் மரத்துக்கும் பணம் செலுத்தக்கூடியவரின் நிலம் வேறு, செலுத்த இயலாதவரின் நிலம் வேறு. 2014 இல் அதே நகரைப் பற்றி வெளியான மற்றோர் ஆய்வு, குளிரூட்டிகள் வெளியே தள்ளும் வெப்பம் சில பகுதிகளின் இரவு வளி வெப்பநிலையை ஒரு பாகைக்கு மேல் உயர்த்துவதாகக் கணித்தது. குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்து, தன் இயக்கத்தின் வெப்பத்தையும் சேர்த்து, வீதியிற் கொட்டுகின்றது. அறைக்குள் இருப்பவரின் குளிர்ச்சி, வீதியில் இருப்பவரின் வெப்பமாகின்றது. உபரி ஓரிடத்திற் குவிய, அதன் சுமை வேறோரிடத்தில் இறக்கப்படும் முறையை இதனினும் வெளிப்படையாகக் காட்டும் இயந்திரம் அரிது.

2023 யூலையில் பீனிக்ஸ் நகரம் 43 பாகை செல்சியசையும் அதற்கு மேற்பட்ட பகல் வெப்பத்தையும் 31 நாட்கள் தொடர்ந்து கண்டது. அதனிலும் கொடியது இரவின் செய்தி: யூலை 19 ஆந் திகதி அங்கு பதிவாகிய மிகக்குறைந்த வெப்பநிலையே 36 பாகையாகும். அவ்வாண்டில் அந்நகரம் அமைந்துள்ள மாரிக்கோப்பா மாவட்டத்தில் வெப்பத்தோடு தொடர்புற்ற மரணங்கள் 645 எனக் கணக்கிடப்பட்டன. அவர்களிற் பெருந்தொகையினர் வீடற்றோர். உலகின் மிகச் செல்வம் பொருந்திய நாட்டின் நிலை இது.

குடா நாடுகளில் இப்பங்கீடு சட்டத்தாலும் திட்டத்தாலும் வகுக்கப்பட்டது. குவைத்தை எடுத்துக்கொள்வோம். 1938 இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1946 இல் ஏற்றுமதி தொடங்கியது. அதுவரை சுவரால் சூழப்பட்ட துறைமுகப் பட்டினமாக, குறுகிய ஒழுங்கைகளும் நடுமுற்றம் கொண்ட மண்வீடுகளும் உடையதாக அது இருந்தது. குடிநீர் ஷத்துல் அரபிலிருந்து பாய்மரக் கலங்களில் வந்தது. 1952 இல் பிரித்தானிய நிறுவனமொன்று வரைந்த திட்டத்தைத் தொடர்ந்து, அரசு பழைய பட்டினத்தின் காணிகளை உயர்ந்த விலைக்கு வாங்கிற்று. வீடுகள் இடிக்கப்பட்டன. 1920 இற் கட்டப்பட்ட சுவர் 1957 இல் அகற்றப்பட்டது. குடியுரிமை பெற்றோர் வட்டவீதிகளுக்கு இடைப்பட்ட புறநகர்களில் தனித்தனி மாளிகைகளுக்குச் சென்றனர். குடும்பமின்றித் தனித்து வரும் வெளிநாட்டுத் தொழிலாளர் அப்புறநகர்களிற் குடியிருத்தல் தடுக்கப்பட்டது. அவர்கள் ஜலீப் அல் ஷுயூக் போன்ற நெருக்கமிக்க பகுதிகளில் ஓர் அறைக்குப் பலராக அடைந்தனர். நிழலைத் தரும் ஒழுங்கை அழிந்து, நிழலற்ற அகன்ற வீதி பிறந்தது. அவ்வீதி மோட்டார் வாகனத்தில் செல்பவருக்கு உரியது. நடந்து செல்பவர் எவர் என்பதைக் கூறவேண்டியதில்லை.

4

இக்குவைத்தில் 1950களின் பிற்பகுதியில் ஆசிரியராகப் பணியாற்றியவர் கஸ்ஸான் கனபானி. 1936 இல் அக்காவிற் பிறந்து, 1948 இல் அகதியாகி, 1972 இல் பெய்ரூத்தில் கொலையுண்ட இப்பலஸ்தீன எழுத்தாளரின் ‘சூரியனில் மனிதர்’ பலஸ்தீன அரசியலின் உருவகமாகவே பெரும்பாலும் படிக்கப்பட்டுள்ளது. அவ்வாசிப்புப் பிழையன்று. ஆயினும் உருவகத்தை விரைந்து எட்டிப்பிடிக்கும் வாசிப்பு, நாவலின் பொருள்சார் அமைப்பைத் தவறவிடுகின்றது.

கதை யாவரும் அறிந்ததே. அபூ கைஸ், அசாத், மர்வான் ஆகிய மூன்று தலைமுறை அகதிகள் பஸ்றாவிலிருந்து குவைத்துக்குக் களவாகச் செல்ல முயல்கின்றனர். அபுல் கைசுரான் என்னும் சாரதி, வெறுமையான தண்ணீர்ப் பவுசரின் தாங்கிக்குள் அவர்களை ஒளித்து எல்லைச் சாவடிகளைக் கடக்கத் திட்டமிடுகின்றான். முதலாவது சாவடியை உயிருடன் கடக்கின்றனர். இரண்டாவது சாவடியில், குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில், பஸ்றாவின் நடனமாது ஒருத்தியைப் பற்றிச் சாரதியைக் கேலி செய்து அதிகாரிகள் தாமதப்படுத்துகின்றனர். அவன் திரும்பி வரும்போது மூவரும் இறந்துள்ளனர். உடல்கள் நகரின் குப்பைமேட்டில் இடப்படுகின்றன.

இந்தப் பவுசர் எவருடையது? குவைத்தின் செல்வந்தர் ஹாஜி ரிதாவினுடையது. பாலையில் அவரது வேட்டைக் குழுவினருக்குத் தண்ணீர் கொண்டுசென்று திரும்பும் வாகனம் அது. அவருடைய பெயரின் செல்வாக்கினாலேயே சாவடிகளில் அது சோதனைக்கு உட்படுவதில்லை. பாலையில் நீர் எவருக்காகப் பயணம் செய்கின்றது என்பதைக் கனபானி விளக்கவுரை எதுவுமின்றிக் கூறிவிடுகிறார். செல்வர்க்கு நீர் சுமந்த அதே தாங்கி, நீர் வற்றியதும் தொழில் தேடுவோரைச் சுமக்கின்றது. நீர் இருந்தபோது குளிர்ச்சியின் கலமாக இருந்தது, நீரற்றபோது உலைக்களமாகின்றது. நகரத்தின் பசுமைக்கும் அதன் தொழிலாளர் கொட்டிலுக்கும் இடையிலுள்ள உறவு ஒரே பாத்திரத்தின் இரு பயன்களாகச் சுருக்கித் தரப்பட்டுள்ளது.

ஜோர்ஜ் லூக்காச் 1936 இல் எழுதிய கட்டுரையொன்றில் எடுத்துரைத்தலையும் வருணித்தலையும் வேறுபடுத்தினார். பொருள்கள் மனிதச் செயலோடு பிணைந்து வரும்போது எடுத்துரைப்பும், செயலிலிருந்து பிரிந்து வெறுங் காட்சியாக நிற்கும்போது வருணனையும் பிறக்கின்றன. இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், கனபானியிடம் வெப்பம் எங்கும் வருணனையாக நிற்பதில்லை. அது நிமிடங்களால் எண்ணப்படுகின்றது. தாங்கிக்குள் எத்தனை நிமிடம் தாங்கலாம் என்பது சாரதிக்கும் பயணிகளுக்கும் இடையிலான பேரத்தின் ஒரு பகுதி. அலுவலகத்தில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் தாங்கியின் வெப்பத்தோடு பெருக்கப்படுகின்றது. அறையின் குளிர்ச்சி அதிகாரிகளுக்கு ஓய்வுப் பேச்சின் அவகாசத்தை வழங்குகின்றது. அந்த அவகாசமே வெளியே மரணமாகின்றது. குளிர்ச்சியும் வெப்பமும் இருவேறு இயற்கை நிலைகளாக இன்றி, ஒரே உறவின் இரு முனைகளாக இயங்குகின்றன. குளிரூட்டியின் புறவெப்பம் பற்றி 2014 இல் கணிக்கப்பட்டதனைச் சமூகத் தளத்தில் 1963 இலேயே இந்நாவல் உணர்த்திவிட்டது எனலாம்.

நாவலின் முடிவில், தாங்கியின் சுவரைத் தட்டாமல் இருந்தது ஏன் என்னும் வினாவைச் சாரதி எழுப்புகின்றான். இவ்வினாவில் ஓர் ஊனம் உண்டு: இறந்தவரிடமே பொறுப்பைச் சுமத்துகின்றது. தௌபீக் சாலிஹ் இந்நாவலைத் தழுவி 1972 இல் எடுத்த ‘ஏமாற்றப்பட்டோர்’ என்னும் திரைப்படம் இதனைத் திருத்திற்று. அதில் அவர்கள் தட்டுகின்றனர். குளிரூட்டிகளின் இரைச்சலில் அவ்வோசை கேட்பதில்லை. அரசியல் நோக்கில் இது நாவலைக் காட்டிலும் தெளிவான முடிவு. ஒடுக்கப்பட்டோரின் மௌனம் என நாம் பலகாலும் கூறுவது, கேட்பவர் இருக்கும் அறையின் கதவு மூடப்பட்டிருப்பதன் விளைவேயாகும்.

5

கனபானியின் வெப்பம் நண்பகலின் வெப்பம். எல்லைப் பாலையின் வெப்பம். நகரம் தானே ஆக்கும் வெப்பத்தை நோக்க முனீப்பிடம் செல்லல் வேண்டும். 1933 இல் அம்மானிற் பிறந்த முனீப், பெல்கிரேட் பல்கலைக்கழகத்தில் எண்ணெய்ப் பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1963 இல் சவூதிக் குடியுரிமை பறிக்கப்பட்டவர். எண்ணெய்த்துறையிற் பணியாற்றிய பின்னர் நாவலாசிரியராக நிலைபெற்றவர். ஐந்து பாகங்களைக் கொண்ட ‘உப்பு நகரங்க’ளின் முதற்பாகம், வாதி அல் உயூன் என்னும் நீரூற்றுச் சோலையின் அழிவோடு தொடங்குகின்றது. அமெரிக்கர் வருகின்றனர்; இயந்திரங்கள் மரங்களைப் பிடுங்குகின்றன; மித்இப் அல் ஹத்தால் என்பவன் இதனைக் காணச் சகியாது பாலையுள் மறைகின்றான். பின்னர் கதை ஹர்ரான் என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு நகர்கின்றது. அங்கே ஒரு துறைமுக நகரம் எழுகின்றது.

இந்நாவலைச் சோலையின் இழப்புக்கான புலம்பலாகப் படிப்போர் பலர். மரம் அழிந்தது, குளிர்ச்சி அழிந்தது, கொங்கிறீட்டு வந்தது, வெப்பம் வந்தது என்பது அவ்வாசிப்பு. இதனை இரு காரணங்களால் ஏற்க இயலாது. முதலாவது, சோலை என்பது பாலைநிலத்தின் பொதுவிதியன்று. சுற்றியுள்ள வறட்சிக்கு விதிவிலக்கு அது. மக்கள்தொகை பெருகுமிடத்து வாதியின் இளைஞர்கள் வணிகக் கூட்டங்களோடு புறப்பட்டுச் செல்ல வேண்டியிருந்ததை முனீப்பே காட்டுகின்றார். இரண்டாவது, முன்னர்க் கண்டவாறு, புதிய நகரமும் தன் மையத்திலே ஒரு சோலையை ஆக்கிக்கொள்கின்றது. பழைய சோலைக்கும் புதிய சோலைக்கும் இடையிலான வேறுபாடு வெப்பமானியின் எண்ணில் இல்லை. முன்னையது வழிப்போக்கருக்கும் திறந்திருந்தது, பின்னையது வேலியிடப்பட்டது. முன்னையதன் நீர் ஊற்றிலிருந்து வந்தது. பின்னையதன் நீர் எரிபொருளை எரித்துக் கடலிலிருந்து பிரிக்கப்படுவது.

முனீப்பின் ஆற்றல் புலம்பலில் இல்லை. ஹர்ரானின் பிரிவினையைக் கட்டம் கட்டமாக எடுத்துரைப்பதில் உள்ளது. அமெரிக்க ஹர்ரான், அரபு ஹர்ரான் என நகரம் இரண்டாகின்றது. தொழிலாளர் தம் கைகளாலேயே அமெரிக்கரின் வீடுகளையும் வீதிகளையும் நீச்சற் குளங்களையும் கட்டுகின்றனர். வேலை முடிந்ததும் அவ்வேலிக்குள் அவர்களுக்கு இடமில்லை. தமக்குரிய கொட்டகைகளுக்குத் திரும்புகின்றனர். பெண்களை ஏற்றிய கப்பலொன்று வந்து, அமெரிக்கர் கொண்டாடும் இரவைக் கரையில் நின்று தொழிலாளர் பார்க்கும் பகுதி, நாவலின் மறக்கவியலாத பகுதிகளுள் ஒன்று. அவ்விரவின் பின்னர் அவர்களால் முன்போல் இருக்க முடிவதில்லை. ஏக்கம் எனத் தொடங்கும் உணர்வு, தாம் கட்டியது தமக்கில்லை என்னும் பிரக்ஞையாக மெல்ல உருமாறி, பாகத்தின் இறுதியில் வேலைநிறுத்தமாக வெடிக்கின்றது.

இது கற்பனையின் மிகைப்படுத்தலன்று. ஹர்ரானுக்கு முன்மாதிரி எனக் கருதப்படும் தஹ்ரான் நகரில், எண்ணெய்க் கம்பனியான அறம்கோவின் குடியிருப்புகள் அமெரிக்கர், இடைநிலை ஊழியர், சாதாரணத் தொழிலாளர் எனப் பிரிக்கப்பட்டிருந்தன. 1953 இலும் 1956 இலும் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தங்கள் வரலாற்றுச் செய்திகளாகும். பாலைநில நகரத்தின் வெப்பப் பங்கீடு அதன் பிறப்போடு பிறந்தது. பின்னாளில் திட்டப் பிழையால் வந்து சேர்ந்ததொன்றன்று.

முனீப்பின் நகரம் ஏன் உப்பு நகரம்? நீர் வந்ததும் கரைந்துபோகக் கூடியவை இந்நகரங்கள் என்னும் கருத்தில் அவர் அப்பெயரை விளக்கியுள்ளார். இங்கே நமக்கு ஒரு தயக்கம் உண்டு. கரைந்துபோம் என்னும் எதிர்பார்ப்பு, வரலாற்றைத் தண்டனையாகக் காணும் ஒழுக்கவியல் மனப்பாங்கின் சாயலுடையது. நகரங்கள் தாமே கரைவதில்லை. அவை நிலைத்து நிற்கும் ஒவ்வொரு நாளும் எவரோ அவற்றைத் தாங்குகின்றனர்.

6

அத்தாங்குவோர் எவர் என்னும் வினாவில் முனீப்பின் எல்லை வெளிப்படுகின்றது. 1992 இல் முனீப்பை மதிப்பிட்ட அமிதாவ் கோஷ், எண்ணெயுலகின் பன்மொழி பேசும் வெளிநாட்டுத் தொழிலாளர் இந்நாவலில் உரிய இடம் பெறவில்லை எனச் சுட்டினார். முதற்பாகத்தின் காலம் உள்ளூர் அரபுத் தொழிலாளரின் காலமாதலின், அக்குறையை அப்படியே சுமத்துதல் முழு நீதியாகாது. ஆனால் 1973 இன் எண்ணெய் விலையேற்றத்தின் பின்னர், வேலைநிறுத்தம் செய்யக்கூடிய உள்ளூர்த் தொழிலாளரின் இடத்தை, வேலைநிறுத்தம் செய்தால் நாடு கடத்தப்படக்கூடிய ஆசியத் தொழிலாளர் நிரப்பினர். 1984 இல் எழுதிய நாவலாசிரியர் இதனை அறிந்திருத்தல் இயல்பு. வெப்பத்தின் பங்கீடு இப்போது வர்க்கத்தோடு குடியுரிமையையும் தன் அச்சாகக் கொண்டது.

இத்தொழிலாளருக்கான பாதுகாப்பாகக் குடா அரசுகள் நண்பகல் வேலைத்தடையை விதித்துள்ளன. ஐக்கிய அரபு இராச்சியத்தில் யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பிற்பகல் 12.30 முதல் 3.00 மணி வரையும், குவைத்தில் யூன் முதல் ஓகஸ்ட் வரை முற்பகல் 11 முதல் பிற்பகல் 4 மணி வரையும் வெயிலில் வேலை தடைசெய்யப்பட்டுள்ளது. கட்டாரில் 2021 இல் இந்நேரம் முற்பகல் 10 முதல் பிற்பகல் 3.30 வரை நீட்டப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் இவை யாவும் பகலை மட்டுமே நோக்கியவை. பாலைநில நகரத்தின் பகல் பாலைக்குரியது, இரவே நகரம் ஆக்கியது என மேலே கண்டோம். அவ்விரவில் தொழிலாளி உறங்கவேண்டும். ‘மூலதன’த்தின் முதற்றொகுதியில் வேலைநாள் பற்றிய இயலில், உழைப்புச் சக்தி மீள உருவாதற்குரிய உறக்கத்தையும் ஓய்வையும் மூலதனம் எவ்வாறு கவர்கின்றது என்பதை மார்க்ஸ் விரித்துரைத்தார். ஆலைமுதலாளி வேலை நேரத்தை நீட்டி அதனைக் கவர்ந்தான். பாலைநில நகரம் வேலை நேரத்தை நீட்டாமலே அதனைக் கவரவல்லது. நெருக்கமான அறையின் சுவர்கள் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்ந்தாற் போதும். சட்டம் நண்பகலில் வழங்கும் இரண்டரை மணி நேரத்தை நள்ளிரவின் சுவர் திரும்ப எடுத்துக்கொள்கின்றது.

கட்டாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளரைப் பற்றி 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று, இதயநோய் எனப் பதியப்பட்ட 571 மரணங்களில் 200 வரை, தக்க வெப்பப் பாதுகாப்பு இருந்திருப்பின் தவிர்க்கப்பட்டிருக்கலாம் எனக் கணித்தது. மரணப் பத்திரத்தில் இதயம் என எழுதப்படுவது, நகரத்தின் வரலாற்றில் வேறு பெயரால் எழுதப்படவேண்டியது.

இவ்விடத்தில் புதிய எழுத்துகள் பிறந்துள்ளன. பஹ்ரேனில் நெடுங்காலம் தொழில்புரிந்த பெந்யாமினின் மலையாள நாவலான ‘ஆடுஜீவிதம்’ (2008), சவூதிப் பாலையின் ஆட்டுப்பண்ணையொன்றில் சிறைப்பட்ட ஒருவனின் துன்பத்தைப் பேசிற்று. ஆயின் அது நகரத்தை விட்டு விலகிய பாலை. தீபக் உண்ணிகிருஷ்ணனின் ‘தற்காலிக மக்கள்’ (2017) நகரத்துள்ளேயே நிற்கின்றது; கட்டிமுடியாத மாடிகளிலிருந்து விழும் தொழிலாளரை ஒரு பெண் இரவில் தேடிச் சென்று ஒட்டிச் சேர்க்கின்றாள். யதார்த்தத்தை மீறிய இக்கற்பனை, முனீப்பின் பேரளவு யதார்த்தவாதம் காணத் தவறிய மனிதரைக் காண்கின்றது. அவ்வகையில் அதனை யதார்த்தவாதத்தின் பகையாகக் கொள்ளாது, அதன் கடனைத் தீர்க்கும் முயற்சியாகக் கொள்வதே பொருத்தமாகும்.

1970களின் பிற்பகுதி முதல் நமது நாட்டிலிருந்தும் ஆண்களும் பெண்களும் இந்நகரங்களுக்குச் சென்று வருகின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் தேசியக் கணக்கில் இடம்பெறுகின்றது. அவர்கள் உறங்காத இரவுகள் எக்கணக்கிலும் இடம்பெறுவதில்லை. மொட்டைமாடி அறையிலும் சமையலறையின் மூலையிலும் கழிந்த அவ்விரவுகளைப் பற்றி அவர்களே எழுதும்போது, அவ்வெழுத்தைப் ‘பாலைவன அனுபவம்’ என்னும் பொதுப்பெயரால் நாம் வரவேற்று ஒதுக்கிவிடலாகாது. எந்த ஆண்டு, எந்த வீதி, எத்தனை பேர் இருந்த அறை, குளிரூட்டியின் பின்புறம் எத்திசையில் இருந்தது என அவ்வெழுத்திடம் விமர்சகன் கேட்கவேண்டும். செய்மதி மேலிருந்து அளக்கும் வெப்பத்தைக் கீழிருந்து அளக்கும் கருவி வேறில்லை. இரண்டு அளவுகளையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் பொழுதே, நிலத்தின் வெப்பம் எவருக்கு எவ்வளவு என்னும் கணக்கு முழுமை பெறும். தட்டப்படும் ஓசை முன்னரே கேட்டுக்கொண்டிருக்கின்றது. நமது அறையின் இரைச்சலை நிறுத்துவதே நாம் செய்ய வேண்டிய முதல் வேலையாகும்.